பச்சை விளக்கு எரிகிறது, நெட் நிற்கிறது: இரண்டு வீட்டு நெட்வொர்க்கைச் சரிசெய்த பதிவு

குமரி மாவட்டத்தில் கருங்கல் என்ற ஊரின் பக்கத்தில் எங்கள் பறம்பில், அதாவது தோட்டத்தில், இரண்டு வீடுகள் இருக்கின்றன. சாலையை ஒட்டிய முன்வீட்டில் நான் குடியிருக்கிறேன். கிணற்றைத் தாண்டிப் பின்னால் இருக்கும் பழைய ஓட்டு வீட்டில் தம்பியின் குடும்பம். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஃபைபர் இணைப்பு, 200 எம்பிபிஎஸ் திட்டம். மோடம் முன்வீட்டு முன்னறையில் இருக்கிறது. அதிலிருந்து ஐந்து போர்ட் கொண்ட சிறிய சுவிட்ச், அதாவது ஒரு லேன் இணைப்பைப் பலவாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. சுவிட்சிலிருந்து டிவிக்கு ஒரு கேபிளும், பின்வீட்டுக்கு 42 மீட்டர் நீள லேன் கேபிள் ஒன்றும் போகின்றன. பின்வீட்டில் அந்தக் கேபிள் பழைய ரௌட்டர் ஒன்றில் முடிகிறது. அந்த ரௌட்டருக்கு அங்கே வைஃபை பரப்புவதைத் தவிர வேறு வேலை கிடையாது.

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்த நாளிலிருந்து இந்த அமைப்பு நின்று நின்று ஓடியது. ஐப்பசி மழைக்குச் சற்று முன்னால்தான் அது முழுதாகச் சரியாயிற்று. இதை எழுதி வைப்பதற்குக் காரணம், பழுது இரண்டு இடங்களில் இருந்ததும், முதல் பழுதுக்குச் செய்த வைத்தியத்திலிருந்தே இரண்டாவது பழுது பிறந்ததும், முதலாவதைச் சரிசெய்த அன்று இரண்டாவது பெரிதாக வெளியே வந்து இரண்டு வீட்டையும் சேர்த்து நிறுத்தியதும்தான்.

அறிகுறியை முதலில் சொல்லிவிடுகிறேன். பின்வீட்டில் செல்பேசி வைஃபையில் இணைந்திருப்பதாகக் காட்டும். பக்கம் எதுவும் திறக்காது. சில நிமிடங்களில் தானாகச் சரியாகும், பிறகு மறுபடி நிற்கும். மோடத்திலும் சுவிட்சிலும் ரௌட்டரிலும் பச்சை விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும். "பெரியப்பா, லைட்டெல்லாம் நல்லா எரியுது, ஆனா ஒண்ணும் கிட்ட மாட்டேங்குது" என்று தம்பி மகன் வந்து சொல்வான். முன்வீட்டில் அப்போதெல்லாம் பெரிய குறை எதுவும் தெரியவில்லை.

சேவை நிறுவனத்துக்குப் புகார் கொடுத்தோம். வந்தவர் மோடத்தின் ஃபைபர் முனையை மாற்றிக் கொடுத்து, வேகச் சோதனை ஒன்றை ஓட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அவரிடம் குறை சொல்ல முடியாது. மோடம் வரை வருவதுதான் அவருடைய பொறுப்பு. அது நன்றாகத்தான் இருந்தது என்பதை நானும் பிறகு பார்த்து உறுதி செய்துகொண்டேன். மோடத்தின் நிர்வாகப் பக்கத்தில் உள்ளே வரும் ஒளியின் அளவு மைனஸ் 21 டிபிஎம் என்று இருந்தது. வீட்டு ஃபைபர் இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இது மைனஸ் 27 வரை இறங்கலாம். அதற்கும் கீழே போனால்தான் வெளியிலிருந்து வரும் வழியைச் சந்தேகிக்க வேண்டும். சுவிட்சைக் கழற்றிவிட்டு, மடிக்கணினியை ஒரு மீட்டர் கேபிளால் நேராக மோடத்தில் செருகி, மோடத்தின் முகவரியான 192.168.1.1க்கும் வெளியே கூகுளின் 8.8.8.8க்கும் நிறுத்தாமல் பிங் ஓடவிட்டேன். சிறு தரவுப் பாக்கெட்டுகளை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை அது. காபி குடித்து, கோழிக்குத் தீனி போட்டு, திரும்பி வந்து பார்த்தபோது ஒரு பாக்கெட்டும் தொலையவில்லை. ஆகவே தெருவிலிருந்து மோடம் வரை பழுது இல்லை. நெட் நின்றால் முதலில் செய்ய வேண்டியது இந்தச் சோதனையைத்தான் என்று இப்போது எல்லோருக்கும் சொல்கிறேன். நடுவில் இருப்பவை அனைத்தையும் கழற்றாமல் வேறு எதைப் பார்த்தாலும் ஊகமாகவே முடியும்.

அடுத்து வைஃபை. பின்வீட்டுச் சுவர் பழைய கல் சுவர். அகலம் ஒன்றரை அடிக்குக் குறையாது. அலைவரிசை நெரிசல் என்ற எண்ணத்தில் இலவசச் செயலி ஒன்றால் பார்த்து, ரௌட்டரை 6ஆம் சேனலிலிருந்து 11க்கு மாற்றினேன். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றையொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே. மாற்றியதால் பயனில்லை. ரௌட்டரிலிருந்து இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தபோதும் நின்றது என்பதால் வைஃபையை அத்தோடு விட்டேன்.

மின்சாரத்தின் மேலும் ஒரு சந்தேகம் எழுந்தது. கிணற்று மோட்டார் போடும் நேரத்தில் நெட் நிற்கிறது என்று தம்பி மனைவி உறுதியாகச் சொன்னாள். மோட்டார் கிளம்பும்போது பின்வீட்டில் பல்பு மங்குவது உண்மை. மல்டிமீட்டரை ரௌட்டர் அடாப்டரின் முனையில் பிடித்துக்கொண்டு மோட்டாரைப் போடச் சொன்னேன். பல்பு மங்கியது; மீட்டர் 12.1 வோல்ட்டிலிருந்து அசையவில்லை. அடாப்டரின் மேல் பொடி எழுத்தில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருப்பதை அதற்கு முன்பே வாசித்திருந்தால் இந்தச் சோதனையே தேவைப்பட்டிருக்காது. மோட்டார் போடுவதும் நெட் நிற்பதும் சாயங்காலத்தில் சேர்ந்து நடந்தன, அவ்வளவுதான்.

இனி மிச்சம் இருந்தது கேபிள். சந்தையில் 250 ரூபாய்க்குக் கிடைக்கும் எட்டு விளக்கு டெஸ்டரின் ஒரு பாதியை முன்வீட்டிலும் மறுபாதியைப் பின்வீட்டிலும் செருகினோம். 1, 2, 3 வரிசையாக எரிந்தன. 4, 5 எரியவில்லை. 6, 7, 8 எரிந்தன. நீல ஜோடி அறுந்திருக்கிறது என்று பொருள். பழுது கிடைத்துவிட்டது என்று தோன்றியது. ஆனால் பின்வீட்டு ரௌட்டர் 100 எம்பிபிஎஸ் போர்ட் மட்டுமே உள்ள பழைய மாதிரி. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகளே போதும். நீலமும் பழுப்பும் சும்மா கிடக்கும். ஒரு கிகாபிட் இணைப்பாக இருந்திருந்தால் நான்கு ஜோடியும் வேண்டும், நீலம் அறுந்ததும் உடனே தெரிந்திருக்கும். எனவே நீலம் அறுந்தது உண்மையாக இருந்தும், நாங்கள் தேடிய பழுது அதுவாக இருக்க முடியாது.

டெஸ்டர் நன்றாக இருப்பதாகக் காட்டிய கம்பிகளை மல்டிமீட்டரால் அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். முறை எளிது. பின்வீட்டில் இருப்பவர் கேபிளின் முனையை வெட்டி, ஒரு ஜோடியின் இரண்டு கம்பிகளையும் ஒன்றாக முறுக்கிப் பிடிக்க வேண்டும். முன்வீட்டில் அதே ஜோடியின் இரண்டு கம்பிகளுக்கும் இடையே மின்தடையை அளக்க வேண்டும். மீட்டர் வயர்களின் சொந்தத் தடையை முதலில் கழித்துவிட வேண்டும். என் மீட்டரில் அது 0.4 ஓம். 42 மீட்டர் தூய செம்புக் கேபிளாக இருந்தால் போய்த் திரும்பும் தடை 8 ஓமுக்குள் இருக்கும். எங்களுடையதில் ஆரஞ்சு ஜோடி 10.8, பழுப்பு 11.1 ஓம். பச்சை ஜோடி 31 ஓம். அதுவும் ஓரிடத்தில் நிற்கவில்லை, காற்று அடிக்கும்போதெல்லாம் எண் மேலும் கீழும் ஓடியது.

டெஸ்டரின் விளக்கு எரியச் சிறிதளவு மின்னோட்டம் போதும். 31 ஓம் நடுவே இருந்தாலும் அது ஜம்மென்று எரியும். வினாடிக்குக் கோடிக்கணக்கில் மாறும் தரவுக் குறிகள் அந்த வழியாக ஒழுங்காகப் போய்ச் சேருமா என்பதை அந்த விளக்கால் சொல்ல முடியாது. எந்தக் கம்பி எந்தக் கம்பியோடு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க மட்டுமே அந்தக் கருவி உதவும்.

பச்சை ஜோடியில் பழுது எந்த இடத்தில் என்று கண்டுபிடித்த விதம் எனக்கே பிடித்திருந்தது. நான் மீட்டரோடு முன்வீட்டில் நின்றேன். தம்பி மகன் மாங்காய் பறிக்கும் துறட்டிக் கம்பை எடுத்துக்கொண்டு, கேபிள் போகும் வழியெல்லாம் முழத்துக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போனான். மதில் ஓரத்தில் எண் அசையவில்லை. தென்னைக்குப் பக்கத்திலும் அசையவில்லை. பின்வீட்டுத் தாழ்வாரத்தின் ஓட்டு விளிம்புக்குக் கீழே தட்டியபோது 31 சட்டென 70க்கு ஏறி, அடுத்த தட்டில் முழுவதும் அறுந்துபோய், மறுபடி 28க்கு வந்தது. "அங்ஙனயே நில்லு" என்று கத்திவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த இடத்தில் பழைய ஒட்டு ஒன்று இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அணில் கடித்தபோது, எட்டு கம்பிகளையும் தனித்தனியாக முறுக்கிக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி விட்டிருந்தோம். டேப் உப்பி, ஒரு பக்கம் பிசின் உருகி வழிந்திருந்தது. அதைப் பிரித்ததும் சிற்றெறும்புகள் முட்டைகளைக் கவ்விக்கொண்டு என் மணிக்கட்டு வழியாக ஓடின. உள்ளே மண்ணும் ஈரமும். நீலக் கம்பிகள் இரண்டும் இற்று விழுந்திருந்தன. பச்சைக் கம்பி முறுக்கிய இடத்தில், செம்புக்கு வர வேண்டிய பச்சைக் களிம்புக்குப் பதிலாகச் சுண்ணாம்பைப் போல வெள்ளைப் பொடி பூத்திருந்தது. விரலால் தொட்டதும் கம்பி பொடிந்தது.

வெள்ளைப் பொடி அலுமினியம் அரித்ததன் அடையாளம். கேபிளின் நல்ல பகுதியிலிருந்து ஒரு கம்பியை எடுத்துப் பிளேடால் சுரண்டினேன். மேலே மெல்லிய செம்புப் பூச்சு, உள்ளே வெள்ளி நிறம். கேட் 6 என்று உறையில் அச்சிட்டு விற்கப்பட்டது செம்பு பூசிய அலுமினியக் கம்பிதான். லேன் கேபிளுக்கான டிஐஏ 568 தரம் தூய செம்பை மட்டுமே ஏற்கிறது. அலுமினியத்தின் தடை செம்பைவிட அதிகம் என்பதால்தான் நல்ல ஜோடிகளிலும் 11 ஓம் காட்டியது. அதை அளந்தபோதே நான் சந்தேகித்திருக்கலாம். வாங்கும்போது பார்க்க வேண்டியது எடை: இதே நீளச் செம்புக் கேபிள் கையில் கனமாகத் தெரியும். கடைக்காரர் அனுமதித்தால் முனையைச் சுரண்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. கடல் அருகில் இருக்கும் எங்கள் ஊர்களில், ஆண்டில் இரண்டு பருவமழையும் நனைக்கும் ஒரு வெளிக்கேபிளில், டேப் சுற்றிய அலுமினிய ஒட்டு இரண்டு வருடம் தாங்கியதே அதிகம்.

தற்காலிகமாக, கைவசம் இருந்த செம்பு கேட் 5 ஈ கேபிளை முற்றத்தின் குறுக்காகத் தரையிலேயே இழுத்து, இரு முனையிலும் புதிய ஆர்ஜே 45 கொண்டை, அதாவது போர்ட்டில் செருகும் பிளக், போட்டேன். வரிசை வழக்கமானதுதான்: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. ஜோடிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காமல் கொண்டைக்குள் தள்ள வேண்டும். நான்கு ஜோடியும் 7 ஓமுக்குக் கீழே காட்டின. டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன.

அன்று சாயங்காலம் இரண்டு வீட்டிலும் நெட் நின்றது.

முன்வீட்டில் அதுவரை பெரிதாக நிற்காதது, நல்ல கேபிள் போட்ட அன்றே நிற்கத் தொடங்கியதுதான் எனக்குக் கிடைத்த சரியான துப்பு. கெட்ட கேபிளை மாற்றியதால் நல்ல வீடு கெட்டதென்றால், பின்வீட்டிலிருந்து ஏதோ ஒன்று இப்போது தடையில்லாமல் முன்வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. சுவிட்சின் விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் வெறிபிடித்தது போல மின்னினால் கேபிள் எங்கோ வட்டமடித்து அதே சுவிட்சுக்குத் திரும்பியிருக்கிறது என்று கொள்ளலாம். இங்கே அப்படி மின்னவில்லை. டிவியும் மடிக்கணினியும் 192.168.1.103 என்ற ஒரே முகவரியோடு நின்றதைக் கவனித்தேன். ஒரே மோடம் முகவரிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் வீட்டில், கையால் யாரும் முகவரி போடாதவரை, இரண்டு கருவிக்கு ஒரே எண் வருவது வழக்கமல்ல.

மடிக்கணினியைச் சுவிட்சில் செருகி, 192.168.1.1க்குப் பிங் ஓடவிட்டேன். பதில் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே மோடத்தின் மின்சாரத்தை அணைத்தேன். சற்று நேரம் மௌனம். பிறகு, மோடம் அணைந்து கிடக்க, 192.168.1.1 ஒரு மில்லி வினாடிக்குள் சுறுசுறுப்பாகப் பதில் சொல்லத் தொடங்கியது.

அந்தப் பெயரில் பதில் சொல்வது யார் என்று பார்க்க விண்டோஸின் கறுப்புத் திரையில் ஏஆர்பி கட்டளையைக் கொடுத்தால் போதும். எந்த ஐபி முகவரிக்கு எந்த வன்பொருள் முகவரி என்ற பட்டியல் வரும். அதில் 192.168.1.1க்கு நேரே இருந்த எண் 47ல் முடிந்தது. மோடத்தைத் திருப்பி அடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தேன்: 92ல் முடிந்தது. பின்வீட்டுக்குப் போய் ரௌட்டரைத் திருப்பினேன்: 47.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த ரௌட்டரை அங்கே வைத்தபோது அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, முகவரி பங்கிடும் வேலையையும், அதாவது டிஹெச்சிபியையும், அணைத்திருந்தேன். இப்போது இரண்டும் ஆலை அமைப்புக்கு, அதாவது புதிதாக வாங்கியபோது இருந்த நிலைக்கு, திரும்பியிருந்தன. ஆலை அமைப்பில் அதன் முகவரியும் மோடத்தின் முகவரியும் ஒன்றே. தம்பி மகனிடம் கேட்டேன்.

"மழையில நெட் நின்னப்போ ஊக்கை வச்சு ரீசெட் ஓட்டையில பத்து செகண்ட் அமுக்கினேன் பெரியப்பா. அதுக்கப்புறம் பழைய பேரும் பாஸ்வேர்டும் நானே போட்டுட்டேன். கொஞ்ச நேரம் நல்லா ஓடிச்சு."

வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் அப்படியே இருந்ததால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஓடியதற்குக் காரணம் கம்பி அந்தச் சமயம் காற்றில் ஒட்டிக்கொண்டிருந்ததுதான். அவனைக் குறை சொல்ல மாட்டேன்; தொலைபேசியில் உதவி கேட்டால் எந்த நிறுவனமும் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் பழைய ரௌட்டரை வெறும் வைஃபை பரப்பியாக மாற்றி வைத்திருக்கும் வீட்டில் அந்த ஓட்டையை அமுக்குவது, அதை மறுபடி ஒரு முழு ரௌட்டராக உயிர்ப்பிப்பதற்குச் சமம்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் தெளிவாகின. ஒரு வீட்டில் இரண்டு 192.168.1.1; இரண்டும் முகவரி கொடுக்கின்றன. ஒன்றுக்கு வெளியே போக வழி உண்டு, மற்றதற்குக் கிடையாது. செல்பேசியின் அமைப்பைத் திறந்து பார்த்தால் நுழைவாயில், அதாவது வெளியே போகும் வழியின் முகவரி, 192.168.1.1 என்று சரியாகவே தெரியும். கடைசியாக எது பதில் சொன்னதோ அதன் பக்கம் கருவி சாயும். மோடத்தின் பக்கம் சாய்ந்தால் நெட் ஓடும். ரௌட்டரின் பக்கம் சாய்ந்தால் பச்சை விளக்கோடு நிற்கும். பச்சை ஜோடி அரித்துக் கிடந்தவரை இந்தச் சண்டை பெரும்பாலும் பின்வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. நான் நல்ல கேபிளைப் போட்டு அதற்கு முன்வீட்டுக் கதவைத் திறந்துவிட்டேன்.

சரிசெய்வது சிறிய வேலை. ரௌட்டரைத் தனியாகக் கழற்றி, மடிக்கணினியோடு மட்டும் இணைத்து, உள்ளே போய் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டிஹெச்சிபியை அணைத்தேன். இந்த வரிசை முக்கியம்: டிஹெச்சிபியை முதலில் அணைத்துச் சேமித்தால், ரௌட்டர் மறுதொடக்கம் ஆனதும் மடிக்கணினிக்கு முகவரி கிடைக்காமல் 169.254 என்று தொடங்கும் ஏதோ ஒரு எண்ணோடு வெளியே நிற்க வேண்டியிருக்கும். பிறகு கையால் முகவரி போட்டுத்தான் உள்ளே நுழைய முடியும். முன்வீட்டிலிருந்து வரும் கேபிள், இணையம் உள்ளே வருவதற்கான, நிறம் வேறாக இருக்கும் வான் (WAN) போர்ட்டில் செருகப்படாமல், சாதாரண லேன் போர்ட் ஒன்றில் இருக்க வேண்டும். மோடத்தில் முகவரிப் பங்கீட்டை 100 முதல் 200 வரை என்று குறுக்கினேன். கையால் போடும் முகவரிகள் 2 முதல் 99க்குள் இருக்கும். எல்லாக் கருவிகளையும் அணைத்துப் போட்ட பிறகு, பிங் இரவு முழுவதும் ஓடி ஒரு பாக்கெட்டையும் தொலைக்கவில்லை. ரௌட்டரின் ரீசெட் ஓட்டையின் மேல் சிவப்பு டேப் ஒட்டி, முகவரியைப் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.

தரையில் கிடந்த தற்காலிகக் கேபிளை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. நல்ல வெளிப்புறச் செம்புக் கேபிள் ஒன்றை வாங்கி அதே வழியில் கட்டியிருக்கலாம். அதை வேண்டாம் என்று வைத்ததற்கு இடிதான் காரணம். சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் இங்கே இடி சும்மா விடாது. முன்பு ஒருமுறை இடி வெட்டியபோது சுவிட்சின் ஒரு போர்ட்டும் டிவியின் லேன் போர்ட்டும் சேர்ந்து போய்விட்டன. தனித்தனி எர்த் உள்ள இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உலோகக் கம்பி ஓடுவதே ஆபத்து. ஃபைபரில் மின்சாரம் போகாது. ஆகவே லேன் கேபிளின் மின் குறியை ஒளியாகவும் ஒளியை மறுபடி மின் குறியாகவும் மாற்றும் மீடியா கன்வெர்ட்டரை இரு முனையிலும் வைத்து நடுவில் ஃபைபர் ஓட்டுவது என்று தீர்மானித்தோம்.

ஒற்றை இழை கன்வெர்ட்டர்களை ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550ல் வாங்கும், மற்றது அதற்கு நேர்மாறு. ஒரே வகை இரண்டை வாங்கினால் இரண்டும் பேசிக்கொண்டே இருக்கும், கேட்க ஆள் இருக்காது. ஃபைபர் வீடுகளுக்கு இழுக்கும் சாதாரண டிராப் கேபிள்தான். தாங்குவதற்காக அதன் ஓரத்தில் எஃகுக் கம்பி ஒன்று ஓடும். அதை அப்படியே இரண்டு வீட்டுக்குள்ளும் விட்டால் இடிக்கு மறுபடி ஒரு பாதை போட்டுக் கொடுத்ததாக ஆகும். எஃகுக் கம்பியை இரு பக்கமும் பிளந்து, சுவருக்கு வெளியிலேயே வெட்டி எறிந்தோம்; குழாய்க்குள் போவதால் தாங்கும் கம்பி தேவைப்படவும் இல்லை. இழைக்கு இரு பக்கமும் ஒட்டி வலுக்கொடுக்கும் குச்சிகள் நார் வகையாக இருக்க வேண்டும் என்பதையும் கேட்டு வாங்கினோம். எஃகுக் குச்சி உள்ள கேபிளும் விற்கிறார்கள்.

மேலே கட்டினால் தென்னை மட்டை விழுந்து அறுக்கும். அதனால் 20 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் மதில் ஓரமாகக் கொண்டுபோய், முற்றத்தைக் கடக்கும் இடத்தில் மட்டும் ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்தோம். பெருச்சாளி தோண்டும் இடம் என்பதால் அங்கே குழாயின் மேல் உடைந்த ஓடுகளை அடுக்கி மண் மூடினோம். திருப்பங்களில் எல்போ போடாமல் நீண்ட வளைவுள்ள பெண்டு போட்டால்தான் இழை மடங்காது.

முனை போடுவதற்கு இங்கே ஃபைபர் வேலை செய்யும் தெரிந்த இளைஞர் ஒருவரை அழைத்தேன். அவர் பையில் இருந்தவை வீட்டு இணைப்புக்கான பச்சைக் கொண்டைகள். போட்டதும் ஃபைபர் விளக்கு மினுக்கி மினுக்கி அணைந்தது. இழை எங்கோ நொறுங்கிவிட்டதோ என்று சிவப்பு லேசர் பேனாவைச் செருகிப் பார்த்தார். மறுமுனையில் வைத்திருந்த தாளில் சிவப்புப் பொட்டு பளிச்சென்று விழுந்தது. குழாயில் எங்கும் பழுதில்லை. பிறகுதான் கன்வெர்ட்டரின் துளை நீல நிறம் என்பதைக் கவனித்தோம். பச்சைக் கொண்டையின் முகம் 8 டிகிரி சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும், நீலத்தின் முகம் நேராக இருக்கும். இரண்டும் உரசும் இடத்தில் இடைவெளி விழுந்து ஒளி சிதறும். நீலக் கொண்டை மாற்றியதும் விளக்கு நிலையாக எரிந்தது. இந்த வேலையில் உயிருள்ள இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாது. அதில் ஓடும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம்.

செலவுக் கணக்கு: கன்வெர்ட்டர் ஜோடி 2,100 ரூபாய், டிராப் கேபிள் 60 மீட்டர், மீட்டருக்கு 8 வீதம் 480, மூன்று மீட்டர் குழாய் பதினான்கு 980, பெண்டும் கிளிப்பும் 220, நீலக் கொண்டை நான்கு 120, அதில் இரண்டு மிச்சம், குட்டை லேன் கேபிள் இரண்டு 240, முனை போட்ட கூலி 500, பின்வீட்டு ரௌட்டருக்கும் கன்வெர்ட்டருக்கும் சேர்த்து ஒரு சிறிய டிசி யுபிஎஸ் 1,450. ஆக 6,090 ரூபாய். டெஸ்டரும் கிரிம்பிங் டூலும் முன்பே இருந்தவை. குழி வெட்டியது வீட்டு ஆட்கள். முன்வீட்டில் மோடமும் சுவிட்சும் இன்வெர்ட்டரில் ஓடுகின்றன; பின்வீட்டிலும் யுபிஎஸ் வந்த பிறகு கரண்ட் போகும்போது இரண்டு பக்கமும் சேர்ந்தே நிற்காமல் ஓடுகின்றன. யுபிஎஸ் வாங்கும்போது 12 வோல்ட்டோடு 5 வோல்ட் வெளியீடும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் கன்வெர்ட்டருக்கு 5 வோல்ட்தான் வேண்டும்.

மறுபடி செய்வதானால், குழாய்க்குள் ஃபைபரோடு சேர்த்து ஒரு நைலான் கயிற்றையும் விட்டிருப்பேன். நாளை இழை போனால் புதியதை இழுக்க அது போதும், இப்போது குழாயைப் பிரிக்க வேண்டியிருக்கும். 20 மில்லிமீட்டருக்குப் பதிலாக 25 போட்டிருப்பேன். கொண்டை மாட்டிய முனையை உள்ளே தள்ளுவது பெரும்பாடாக இருந்தது. மல்டிமீட்டரை டெஸ்டருக்கு முன்னால் எடுத்திருப்பேன். கேபிளைத் தொடுவதற்கு முன்பே மோடத்தை அணைத்துப் பார்த்து 192.168.1.1 பதில் சொல்கிறதா என்று சோதித்திருப்பேன். ஒரு நிமிட வேலை, செலவும் இல்லை.

இன்னும் முடியாதது ஒன்று இருக்கிறது. ஃபைபரும் கன்வெர்ட்டர்களும் ஒரு கிகாபிட் வரை தாங்குபவை, ஆனால் பின்வீட்டு ரௌட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ் என்பதால் அங்கே வேகச் சோதனை 94க்கு மேல் ஏறுவதில்லை. தம்பி மகன் அதற்குள் புதிய ரௌட்டரின் விலையைப் பார்த்து வைத்துவிட்டான். தேங்காய் வெட்டி விற்ற பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.